இருக்கை இல்லாத வண்டி

அந்த வண்டிக்கு இருக்கை கிடையாது. முதல் தடவை பார்த்தபோது குறிப்பேட்டில் நான் எழுதிக்கொண்ட முதல் வரி அதுதான்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டு விலகி உள்ளே போனால், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகள் சில இருக்கின்றன. அவற்றைச் சுற்றி வேலி இல்லை, மாடுகள் விழுகின்றன என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். அப்போது நான் ஒரு நாளிதழுக்கு இந்தத் தொழிற்சாலைப் பகுதியின் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு காலை, வேலி இருக்கிறதா இல்லையா என்று நேரில் பார்க்கப் போனேன். வேலி இல்லை. அதை எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்கப் பாறையின் விளிம்பில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளின்மேல் நின்றுகொண்டிருந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஓடவில்லை. முன்சக்கரம் இடப்பக்கம் முழுவதும் திரும்பியிருந்தது. இரண்டு கால்களும் மிதிகளின்மேல். இரண்டு டயர்களைத் தவிர வேறெதுவும் கல்லைத் தொடவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், தொழில் பழக்கம். நாற்பது வினாடி எண்ணினேன். எண்ணத் தொடங்குமுன் அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றிருந்தார் என்று தெரியாது. பிறகு முழங்கால்கள் லேசாக மடங்கி நிமிர்ந்தன. முன்சக்கரம் எழுந்தது. இடுப்புயரத்துக்குச் செங்குத்தாக இருந்த கல்லின்மேல் வண்டியும் அவரும் ஏறிப்போய் மறுபடி நின்றார்கள். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. படியில் ஏறும் பூனை என்ன சத்தம் போடுமோ, அதற்குச் சற்றுக் கூட.

வேலி பற்றிய செய்தி நான்கு பத்தியில் வந்தது. அந்தப் பெண் அதில் இல்லை. செய்தி வேலியைப் பற்றியது.

ஆனால் அடுத்த ஞாயிறும் நான் போனேன். பதினாறு ஆண்டுகளாக இந்தச் சாலையில் வேகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். இங்கே செய்யப்படும் எல்லாமே ஓடுவதற்காகச் செய்யப்படுபவை. புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகள், ஷிப்டுக்கு ஆளேற்றும் வெள்ளைப் பேருந்துகள், அவற்றின் இடையே உயிரைப் பிடித்துக்கொண்டு போகும் எங்களைப் போன்றவர்கள். ஒரு மோட்டார் சைக்கிள் ஓடாமல் நிற்பதற்காகவும் செய்யப்பட்டிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்து இங்கே வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், போல்ட் முறுக்கும் நிலையத்தில் வேலை. கணவர் வேறொரு ஆலையில் இருந்தார். ஞாயிறு காலைகளில் மகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வண்டியின் கதையை அந்தப் பெண்ணே சொன்னார். அவருடைய ஆலைக்கு இயந்திரங்கள் நிறுவ வந்த ஒரு வெளிநாட்டுப் பொறியாளர், தன் ஊரிலிருந்து அந்த வண்டியைக் கொண்டுவந்திருந்தார். பாறை, பள்ளம், மரவேர் இவற்றின்மேல் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டும் விளையாட்டுக்கான வண்டி அது. டிரையல்ஸ் என்று பெயர். யாரையும் முந்த வேண்டியதில்லை. குறித்த பாதையைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். கால் ஒருமுறை தரையில் பட்டால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. இங்கே புள்ளி என்பது குற்றம். எதுவும் வாங்காமல் பூஜ்யத்தோடு வெளியே வருகிறவர்தான் சரியாக ஓட்டியவர்.

ஆலையிலிருந்து ஐந்து பேர் அந்தப் பொறியாளரோடு ஞாயிறுகளில் போய்ப் பழகினார்கள். ஐவரில் ஒருவரான இந்தப் பெண் முதலில் ஓட்டுவதற்காகப் போகவில்லை. பாறைக்குப் பக்கத்தில் நின்று, யார் கால் எப்போது பட்டது என்று பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. உற்பத்தி லைனில் பிழை பிடிக்கும் கண் என்பதால் இவரை அழைத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு முழுவதும் மற்றவர்களின் கால்களை மட்டுமே பார்த்தார். பிறகு ஒருநாள் ஏறி நின்றார். பொறியாளர் ஊருக்குத் திரும்பியபோது வண்டியை ஐந்து பேருக்கும் பொதுவாக விட்டுவிட்டு, பராமரிப்புக் கொட்டகையின் சுவரில் ஒரு தாள் ஒட்டிப் போனார். குவாரியில் மஞ்சள் அம்பு போட்ட பாதையை யார் பூஜ்யத்தில் கடக்கிறார்களோ, வண்டி அவருக்கு. ஒரு நாளைக்கு ஒரு முயற்சிதான் கணக்கு. ஓட்டுகிறவரின் ஆலையைச் சேராத ஒருவர் பார்த்து எழுத வேண்டும். அந்தப் பொறியாளராலேயே அந்தப் பாதையை ஒரு தடவைகூடப் பூஜ்யத்தில் கடக்க முடிந்ததில்லை.

மற்ற நான்கு பேரும் ஷிப்டு, கல்யாணம், முழங்கால் என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் எஞ்சினார்.

நான் அவரோடு பேச ஆரம்பித்த சமயம்தான் அந்த வண்டியின்மேல் சிவப்புச் சீட்டு விழுந்தது. இந்தப் பகுதி ஆலைகளில் ஒரு நடைமுறை உண்டு. வேலைக்குத் தேவையில்லாத பொருள் எதுவும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், தணிக்கைக்கு வருகிறவர்கள் அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். முப்பது நாளுக்குள் அந்தப் பொருள் அங்கிருந்து போயாக வேண்டும். நாற்காலியோ பழைய மோட்டாரோ யாருடைய காலி டிபன் பாக்ஸோ, விதிவிலக்கு இல்லை. பராமரிப்புத் துறைத் தலைவர் நியாயமான மனிதர். சுவரில் இருந்த தாளை அவரும் படித்திருந்தார். முப்பது நாளுக்குள் யாராவது அந்தத் தாளில் உள்ளபடி செய்தால் வண்டி அவருக்கு, இல்லாவிட்டால் பயிற்சி மையத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். மற்ற நான்கு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் வண்டியிலிருந்து பெட்ரோலையும் எண்ணெயையும் வடித்துவிடுவார்கள். டயரை அசையாமல் தரையோடு பிணைத்துவிடுவார்கள்.

அதை அந்தப் பெண் குரல் மாறாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க எங்க கம்பெனி ஆளு இல்ல. பாத்தத மட்டும் எழுதுவீங்க. வருவீங்களா?”

மூன்று ஞாயிறுகள் மிச்சமிருந்தன.

வண்டிக்கு விளக்கு இல்லை, நம்பர் பலகை இல்லை. சாலையில் ஓட்ட முடியாது. திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கிய கேட் பாஸில் அதை வெளியே எடுத்து, மண்ணூரில் ஒரு குட்டி யானைக்காரர் வீட்டுக் கொட்டகையில் வைத்தோம். சின்ன சரக்கு வண்டியைத்தான் இங்கே குட்டி யானை என்பார்கள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றிப்போகிறார். வண்டியை முதலில் பார்த்தபோது சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

“இன்னா தங்கச்சி இது, சீட்ட எவனாவது லவட்டிக்கினு பூட்டானா?”

முதல் ஞாயிறு காலை குவாரிக்குப் போய்ச் சேர்ந்து இறக்கியதும், அந்தப் பெண் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அப்படியே நின்றார். டயர் கல் மாதிரி இருந்தது. இந்த வண்டியின் டயரில் காற்று மிகக் குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்றால், பார்க்கிறவர்கள் பஞ்சர் என்றே நினைப்பார்கள். தொய்ந்த டயர்தான் கல்லை அள்ளிப் பிடிக்கும். குட்டி யானைக்காரர் வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில், பக்கத்துக் கடையில் இரண்டு டயருக்கும் காற்று நிரப்பியிருந்தார். பெருமையாகத்தான் சொன்னார். காற்றே இல்லாமல் கிடந்ததாம். அந்தப் பெண் உட்கார்ந்து, சிறு அளவுமானியை வைத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முள் கீழே போய்க்கொண்டே இருந்தது. குட்டி யானைக்காரரின் முகம் அதைவிடக் கீழே போனது. “இத்தினி காத்துல மன்சன் போவானா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மஞ்சள் அம்புகள் ஆலைத் தரையில் கோடு போடும் பெயின்டால் போடப்பட்டவை. பாதை குவாரியின் அடித்தரையில், உருளும் ஜல்லியின்மேல் தொடங்குகிறது. அங்கிருந்து சாய்ந்த ஒரு பலகைக்கல். அதன் முடிவில் இடுப்புயரப் படி. படிக்குமேல், ஒரு கட்டிலளவே இருக்கும் இடத்தில் வண்டியை முழுவதும் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பிய பிறகு வேறு வழியாக இறங்கி வெளியேற வேண்டும். நடந்து போனால் ஒரு நிமிடம் ஆகாது. எல்லா இடத்தையும் பார்க்கும்படி நான் எங்கே நிற்க வேண்டும் என்று அவரே காட்டினார். முகத்தைப் பார்க்காதீர்கள், பூட்ஸை மட்டும் பாருங்கள் என்றார். பாதையில் பழகிப் பார்க்கக் கூடாது என்பதும் விதி. தள்ளியிருந்த பாறைகளில் அரை மணி நேரம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வந்தார்.

அன்று நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். ஜல்லியில் பின்சக்கரம் ஒருமுறை விலகி, திரும்பி வந்தது. பலகைக்கல்லில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது, உடம்பு இடப்பக்கம் போனது. இரண்டும் சேர்ந்து நேராக இருந்தன. படியின்முன் முழுதாக நின்றார். ஒரு விரல், இடக்கையின் ஆள்காட்டி விரல் மட்டும், கிளட்ச் பிடியின்மேல் இருந்தது. மற்ற விரல்கள் கைப்பிடியைச் சுற்றியிருந்தன. அந்த ஒரு விரல் விட்டது. அடுத்த கணம் அவர் படிக்குமேல் இருந்தார். கட்டிலளவு இடத்தில் முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி, கடிகார முள் நகர்வதுபோல் வண்டியைத் திருப்பினார். கடைசித் திருப்பத்தில் இடது பூட்ஸ் மிதியை விட்டு இறங்கி, நுனி கல்லில் பட்டு, மேலே போனது. கண் சிமிட்டும் நேரம். பிறகு இறங்கி வெளியே வந்தார்.

நான் தாளில் ஒன்று என்று எழுதினேன்.

குட்டி யானைக்காரர் எட்டிப் பார்த்தார். “நானும் பார்த்துக்கினுதான் சார் இருந்தேன். சும்மா நுனி பட்டுச்சு. அதுக்குப் போய்…” அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “பட்டுதுண்ணே. எனக்கே தெரிஞ்சுது.”

நான் ஒரு பூஜ்யத்தைப் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பதினாறு ஆண்டுகளில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன், எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஒன்றை வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன்.

வாரத்தின் நடுவில், அவருடைய காலை ஷிப்டு முடிந்த பிறகு, மண்ணூர்க் கொட்டகைக்குப் போனேன். ஓட்டுவது ஒரு மணி நேரம் என்றால் அந்த வண்டிக்குச் செய்ய வேண்டியது மூன்று மணி நேரம். குவாரித் தூசி மாவு மாதிரி. காற்று வடிகட்டியின் பஞ்சை எடுத்து, பழைய பெயின்ட் வாளியில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுப் பிசைந்தார். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகும் நீர் சாம்பலாகவே வந்தது. காய்ந்ததும் எண்ணெய் தடவிப் பிழிந்து, பொரித்த அப்பளத்தின் நிறத்துக்கு அது வந்தபின் வைத்து மூடினார். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டி, ஒலியைக் கேட்டார். மிதிகளின் பற்களுக்கிடையில் சிக்கிய கல்லைக் குச்சியால் நெம்பி எடுத்தார். பூட்ஸ் நழுவினால் எல்லாம் போயிற்று.

பிறகு டார்க் ரெஞ்ச்சை எடுத்தார். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அந்த அளவை முதலில் வைத்துக்கொண்டால், அந்த இறுக்கம் வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும் கருவி. இவருடைய வேலையே அதுதான். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்திலும் போல்ட்டுகளை முறுக்குவார், டக் கேட்கும், உடனே மஞ்சள் மார்க்கரால் போல்ட் தலையிலிருந்து பாகத்துக்கு ஒரு கோடு இழுப்பார். கோடு விலகாமல் இருந்தால் போல்ட் விலகவில்லை. அன்று வண்டி முழுவதும் அதையே செய்தார். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கோடு. கிளட்ச் பிடியைக் கைக்கம்பியோடு பிணைக்கும் கவ்விக்கும் ஒரு டக், ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

நடுவில் என்னையும் ஏற்றி நிறுத்தினார். எஞ்சின் ஓடாத வண்டி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். உட்கார இடமில்லாத வண்டியில் ஏறியதும் உடம்பு உட்காரத்தான் தேடுகிறது. இரண்டு வினாடி நின்றேன். இரண்டாவது தடவை அதுவும் இல்லை.

இரண்டாவது ஞாயிறு, பலகைக்கல்லின் முடிவில் விழுந்தார். பெரிய விழுகை இல்லை. பின்சக்கரம் ஈரமான ஒரு திட்டில் நழுவியது. அவர் பூனைபோல் ஒதுங்கி நின்றுவிட்டார். வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து கல்லில் படுத்தது. கண்ணாடி டம்ளர் உடைவதுபோல ஒரு சத்தம். கிளட்ச் பிடி நடுவில் ஒடிந்து, பாதி ஜல்லியில் கிடந்தது. நான் ஐந்து என்று எழுதினேன்.

அவர் ஒடிந்த துண்டைத் தேடி எடுத்தார். பிறகு மண்டியிட்டுக் கவ்வியைப் பார்த்தார். மஞ்சள் கோடு அணுவளவும் விலகாமல் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

“நல்லா முறுக்கிருக்கேன் சார். அதான் ஒடிஞ்சிருக்கு.”

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. விழும்போது கல் முதலில் இடிப்பது இந்தப் பிடியைத்தான். கவ்வி சற்றுத் தளர்வாக இருந்தால், இடித்ததும் பிடி கைக்கம்பியைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். கையால் மறுபடி சரிசெய்துகொண்டு ஓட்டலாம். இறுக்கமாக இருந்தால் திரும்ப வழியில்லை, ஒடியும். பொறியாளர் இதை ஐந்து பேரிடமும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஐந்து பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். அவர் இருந்தவரை ஒவ்வொரு ஞாயிறும் அவரே வந்து வண்டியின் கவ்விகளைத் தளர்த்துவாராம். அடுத்த வாரம் அவை இறுகியிருக்குமாம். யார் இறுக்கியது என்று கேட்டால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம்.

கருவிப்பெட்டியில் மாற்றுப் பிடி ஒன்றே ஒன்று இருந்தது. பொறியாளர் விட்டுப் போனது. இன்னொன்று வேண்டுமானால் கடல் கடந்து வர வேண்டும், சிவப்புச் சீட்டின் நாள் அதற்குள் முடிந்துவிடும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை கொட்டகையில் நான் பார்த்தது வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. மாற்றுப் பிடியைப் பூட்டி, போல்ட்டை முறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தினார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். வண்டியைக் கடக்கும்போது கை தானாகப் போய் அந்தக் கால் சுற்றை இறுக்கியது. அவருக்கே தெரியவில்லை. நான் சொன்னேன். மறுபடி தளர்த்தினார். துடைக்கும்போது மறுபடி இறுக்கினார்.

“கை கேக்க மாட்டேங்கு சார்,” என்றார். “லூஸா ஒண்ண விட்டுட்டு வந்தா அன்னைக்குத் தூக்கம் வராது. எங்கயோ ஒரு வண்டி ஓடுதுல்லா, அதுல யாரோ போறாவல்லா.”

அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒரு பிழையைத் தெரிந்தே விட்டுவிடு என்று யாராவது சொல்லியிருந்தால் என் கையும் கேட்டிருக்காது.

வெள்ளிக்கிழமை போனபோது அவர் வேறொரு பையோடு வந்திருந்தார். உள்ளே குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு சுருள், பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு ஸ்பிரிங் தராசு, ஒரு நோட்டு. கவ்வியைக் கழற்றினார். கைக்கம்பியில் வெள்ளை டேப்பை எண்ணிச் சுற்றினார். அதன்மேல் கவ்வியை வைத்து முறுக்கினார். வழுக்கும் டேப் உள்ளே இருப்பதால் போல்ட் இறுகியிருந்தாலும் ஓர் அடி விழுந்தால் கவ்வி திரும்பும் என்பது அவர் கணக்கு. பிறகு குட்டி யானைக்காரரைக் கூப்பிட்டு, பிடியைக் கை முட்டியால் மேலிருந்து ஓங்கி ஒரு குத்து விடச் சொன்னார். அவருக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடைத்திருக்காது. குத்தினார். திரும்பவில்லை. டேப்பில் இன்னொரு சுற்று. குத்தினார். ஒரேயடியாகச் சுழன்றது. “வுட்டேன் பாரு,” என்று கையை உதறிக்கொண்டார். போல்ட்டில் ஒரு பொட்டு இறுக்கம். குத்து. இப்படியே மாலை முழுவதும் போனது. கடைசியில், ஓட்டும்போது விரல் இழுக்கும் இழுப்புக்கு அசையாமல், குத்துக்கு மட்டும் திரும்பும் ஓர் இடம் வந்தது.

அந்த இடத்தில் அவர் தராசின் கொக்கியைப் பிடியின் நுனியில் மாட்டி, மெல்லக் கீழே இழுத்தார். கவ்வி நகரத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே இருந்தது என்று என்னைப் பார்க்கச் சொன்னார். மூன்று தடவை இழுத்தார். மூன்று தடவையும் நான் பார்த்துச் சொன்னேன். ஒரே எண். அதை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். வலப்பக்க பிரேக் பிடியையும் அதே எண்ணுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு கை கழுவப் போனார். வரும்போது வண்டியைக் கடந்தார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போகவில்லை. தளர்வுக்கும் ஒரு அளவு கிடைத்துவிட்ட பிறகு, கை அதை ஒப்புக்கொண்டுவிட்டது. தொழிற்சாலைகளில் கோடிக்கணக்கில் முதலீடு செய்த இயந்திரங்களை எனக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை பார்த்ததுபோல் ஒன்றை நான் அவற்றில் எதிலும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு மேகமாக இருந்தது. குவாரியின் ஆழத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரில் ஒரு நீர்க்காகம் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. உடம்பைச் சூடாக்கும்போதே அவர் விழுந்தார். தள்ளியிருந்த பாறையில், இடப்பக்கமாக, போன வாரம் விழுந்ததைவிடப் பலமாக. குட்டி யானைக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் வண்டியை நிமிர்த்தினார். கிளட்ச் பிடி வானத்தைப் பார்த்து நின்றது. முழுதாக இருந்தது. அவர் உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், கதவுத் தாழ்ப்பாளைத் தட்டுவதுபோல. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக முதல் அம்புக்குப் போனார்.

நான் என் இடத்தில் நின்றேன். பூட்ஸை மட்டும் பார்த்தேன்.

ஜல்லி. சக்கரம் விலகவில்லை. பலகைக்கல்லில், போன வாரத்து ஈரத்திட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போனார். படியின்முன் நின்றார். விரல் விட்டது, மேலே இருந்தார். கட்டிலளவு இடத்தில் முன்சக்கரம் ஒருமுறை, இருமுறை, மூன்று முறை நகர்ந்தது. முதல் ஞாயிறு கால் பட்ட அதே மூலை. அங்கே வண்டி வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. இடது பூட்ஸ் மிதியை விட்டுக் கிளம்பியது. இறங்கியது. கல்லுக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், நின்றது.

அங்கே காற்றில் இருந்தது அந்தக் கால். எஞ்சின் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. கல்லுக்கும் பூட்ஸின் அடிக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அதற்குப் பின்னால் இருந்த பச்சைத் தண்ணீர் தெரிந்தது. அது மூடிவிடக் கூடாது என்று நினைத்தேன் என்று எழுதினால் பொய். எதுவும் நினைக்கவில்லை. பார்த்தேன். மனிதர் ஒருவரும் எண்பது கிலோவுக்குக் குறையாத இரும்பும் சேர்ந்து, இரண்டு தொய்ந்த டயர்களின் மேல், விழுவதா நிற்பதா என்று முடிவாகாத இடத்தில் நின்றதைப் பார்த்தேன். மொத்தக் குவாரியும் அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு வலது தோள் மட்டும் கொஞ்சம், சட்டைமேல் உட்கார்ந்த ஈயை விரட்டும் அளவுக்கு, அசைந்தது. வண்டி நேராகியது. பூட்ஸ் மேலே போய் மிதியில் உட்கார்ந்தது.

இறங்கி, கடைசி அம்பைக் கடந்து, வெளியே வந்து, எஞ்சினை அணைத்தார்.

நான் உடனே எழுதவில்லை. பாறையில் ஏறிப்போய் அந்த மூலையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். அந்தக் கல்லின்மேல் தூசி ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. டயர்த் தடம் இருந்தது. எறும்பு போன தடம்கூட இருந்தது. பூட்ஸ் தடம் இல்லை. கீழே இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டி யானைக்காரர்தான் பொறுக்காமல் கேட்டார்.

“சொல்லு சார். பட்டுச்சா இன்னா?”

பாறையின்மேலேயே தாளை வைத்து, மூன்றாவது கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டேன். எழுதிக் கையெழுத்திட்ட பிறகு இறங்கிவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். சின்னதாக இருந்த அந்த வட்டத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் மாலை ஆலையின் வாசலில், கேட் பாஸ் கொடுக்கும் அறைக்கு வெளியே வண்டியை இறக்கி நிறுத்தினோம். இரண்டாம் ஷிப்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பராமரிப்புத் தலைவர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்று, ஐந்து, பூஜ்யம். முதல் ஒன்றின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். கால் நுனி, கண் சிமிட்டும் நேரம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பூஜ்யத்தைப் பற்றிக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். திருப்பித் தர வேண்டாத பாஸை எழுதச் சொன்னார். சிவப்புச் சீட்டைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டி எடுத்தார்.

பிறகு, போகிற போக்கில், விடைகொடுப்பதுபோல் கிளட்ச் பிடியின்மேல் கையை வைத்து அழுத்தினார். அது கொஞ்சம் திரும்பியது. அவர் முகம் மாறியது. இன்னொரு கை ஏற்கனவே சட்டைப் பையிலிருந்து மரைச்சாவியை எடுத்துவிட்டிருந்தது.

அந்தப் பெண் கவ்வியின்மேல் தன் கையை வைத்து மூடினார்.

“லூஸ் இல்ல சார். அளவு வெச்சிருக்கேன்.”

“எவ்ளோ?”

அவர் அந்த எண்ணைச் சொன்னார். தலைவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். சாவியைப் பைக்குள் போட்டார். போட்ட கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றினோம். குட்டி யானைக்காரர் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். கட்டி முடித்தவர், பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. என்னைப் பார்த்தார். போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.